வஞ்சிரு அக்கா சொன்னது

வஞ்சிருவுக்கு வசவு வருவது நின்றுபோனதை முதலில் கவனித்தவள் தில்ஷாத்தான்.

பெரம்பூரில் ஒரு மாடி வீட்டில் இருவரும் சேர்ந்து குடியிருந்தார்கள். காலையில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, 'சந்தி' என்ற சமூக வலைதளத்தில் வஞ்சிருவுக்கு வந்திருக்கும் செய்திகளை எல்லாம் தில்ஷாத் படிப்பாள். கொலை மிரட்டல்களைப் போலீசுக்கென்று தனியே சேமிப்பாள். ஆபாசத்தை அழிப்பாள். மிச்சத்தைத்தான் வஞ்சிரு பார்ப்பாள். யாரும் கேட்டு அவள் இதைச் செய்யவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க வஞ்சிரு தூக்கமில்லாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு, போனைப் பிடுங்கித் தானாக எடுத்துக்கொண்ட வேலை. ஆபத்தில் இருக்கும் பெண்கள் கூப்பிடுகிற உதவி எண் ஒன்று புதுப்பேட்டையில் இயங்கியது. தில்ஷாத்துக்கு அங்கே வேலை. அங்கே காதில் விழுவதோடு ஒப்பிட்டால் இந்த வசவெல்லாம் தூசு என்பாள்.

"இன்னிக்கு ஒண்ணுகூட இல்லடி," என்றாள் ஒரு நாள்.

"எது?"

"கொரங்குன்னு ஒருத்தன்கூட சொல்லல. நேத்தும் சொல்லல."

வஞ்சிரு பல் தேய்த்தபடியே எட்டிப் பார்த்தாள். "சர்வர் படுத்திருக்கும்," என்றாள்.

வஞ்சிருவின் அப்பா கென்யாவிலிருந்து மருந்தியல் படிக்கச் சென்னைக்கு வந்தவர். அம்மா பெரம்பூர்க்காரி, நர்ஸ். படிப்பு முடிந்து ஊருக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. அவர் வைத்த பெயர் மட்டும் தங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அதை வஞ்சி என்று சுருக்கினார்கள். பஸ்ஸில் கண்டக்டர்கள் அவளைக் கண்டதும் இங்கிலீஷுக்குத் தாவுவார்கள். "அயனாவரம் ஒண்ணு" என்று அவள் சொன்னதும் மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வைகளைப் பற்றித்தான் அவள் முதலில் எழுதினாள். 'எந்த நாட்டுப் பொண்ணு நீ' என்ற அந்தக் கட்டுரைகள் புத்தகமாக வந்தபோது, நான் கறுப்பினப் பெண், நான் தமிழச்சி, இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வேன் என்று முன்னுரையில் எழுதியிருந்தாள். பாராட்டியவர்களைவிடத் திட்டியவர்கள் அதிகம்.

திட்டு பெருவெள்ளமானது, தோலை வெள்ளையாக்கும் ஊசியைப் பற்றி அவள் எழுதத் தொடங்கிய பிறகு. ஊருக்கு ஊர் பளபளப்பான கிளினிக்குகள் திறந்து, நிறம் குறைந்த பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கேட்டுப் போட்டுக்கொண்டது பாதி. வீட்டார் இழுத்துப்போய்ப் போட்டது பாதி. சிறுநீரகம் கெட்டவர்கள் இருந்தார்கள். இறந்தவர்களும் இருந்தார்கள். வஞ்சிரு கிளினிக்கின் படத்தைப் போட்டு, டாக்டரின் பெயரைப் போட்டு, "இங்கே விற்பது அழகு இல்லை, விஷம்" என்று எழுதினாள். எழுத எழுத அவள் வீட்டு விலாசத்தை யாராரோ பொதுவில் போட்டார்கள். அவள் முகத்தை வெட்டி எதெதிலோ ஒட்டினார்கள்.

அதெல்லாம்தான் இப்போது நின்றுவிட்டது.

காரணம் சில நாளிலேயே தெரிந்தது. சந்தி நிறுவனம் 'இதம்' என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. இனி இணையத்தில் யாரும் யாரையும் புண்படுத்த முடியாது என்று விளம்பரம் வந்தது. டிவியில் மனநல மருத்துவர்கள் வரவேற்றுப் பேசினார்கள். வசவைத் தடுத்து நிறுத்துகிற சல்லடை என்றுதான் எல்லோரையும் போல வஞ்சிருவும் நினைத்தாள். புதிய விதிகளுக்குச் சம்மதமா என்று கேட்ட பெட்டியில், எல்லோரையும் போலத் தொட்டுவிட்டு நகர்ந்தாள்.

நல்ல மாதங்கள் அவை. அவளுக்குத் தூக்கம் வந்தது. நின்றுபோயிருந்த இரண்டாவது புத்தகத்தை மறுபடி எடுத்தாள். அவளைப் பின்தொடர்கிறவர்கள் பல மடங்கு ஆனார்கள். முன்பு எட்டிக்கூடப் பார்க்காத ஆண்கள் மரியாதையாக மாற்றுக் கருத்து எழுதினார்கள். அவர்களில் பொன்னம்பலம் என்று ஒருவர், வாரம் தவறாமல் வருவார். "உங்களோடு உடன்பட முடியவில்லை, ஆனாலும் உங்களைப் பற்றி அடிக்கடி நினைக்கிறேன். நேரில் சந்திக்க ஆவல்" என்று எழுதுவார். "தொடர்ந்து எழுதுங்கள் ஐயா" என்று வஞ்சிரு பதில் போட்டாள். ஒருமுறை தில்ஷாத்திடம், "மனுஷங்க மாறத்தான் செய்றாங்க, பாரேன்," என்றாள்.

ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. "உங்கள் எழுத்தைப் படித்தால் மனசு லேசாகிறது அக்கா" என்று பெண்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். சிறுநீரகம் செயலிழந்த ஒரு பெண்ணின் கதையை எழுதிய அன்றும் அப்படியே எழுதினார்கள். வஞ்சிரு அதைத் தில்ஷாத்திடம் படித்துக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் கதவு தட்டப்பட்டது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பயணத்தில் கசங்கிய புடவையோடு நின்றாள். வஞ்சிருவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதானுங்களா வஞ்சிரு?"

"ஆமா. நீங்க?"

"எம்பேரு ருக்மணிங்க. கோபியிலிருந்து வாரேன். உங்க வெலாசம் நெட்டுல எங்க பாத்தாலும் கெடக்குதுங்களே, கண்டுபுடிக்கறது செரமமா இல்லீங்க." உட்காரச் சொன்னதற்கு அவள் உட்காரவில்லை. "எந்தங்கச்சி கோகிலவாணிங்க. திருப்பூர்ல கட்டிக்குடுத்தோம். போன மாசம் செத்துப்போயிட்டா."

தில்ஷாத் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். வஞ்சிருவுக்குப் பெயர் ஞாபகம் இருந்தது. மாமியார் மாதாமாதம் ஊசிக்குக் கூட்டிப்போகிறாள், கை கால் வீங்குகிறது, என்ன செய்யட்டும் என்று எழுதியிருந்த பெண்.

"ஐயோ," என்றாள் வஞ்சிரு. "நான் அவங்கள அப்பவே கெளம்பச் சொன்னேனே."

ருக்மணியின் முகம் மாறியது. கோபத்தைப் பத்திரமாகப் பொத்திக் கொண்டுவந்தவள் போல அதுவரை மெதுவாகப் பேசினாள். இப்போது குரல் உயர்ந்தது.

"பொய் சொல்லாதீங்க. பொறுத்துக்கச் சொன்னீங்க. நாங் கூப்புட்டப்பெல்லாம், 'வஞ்சிரு அக்காவே சொல்லிப்போட்டாங்க, பேசிப் பாக்கலாம்'னு அதையேதான் சொன்னா. உங்க பேச்ச சாமி வாக்காட்டம் நம்புனா. ஊசிக்கு எதுராப் பேசுறவங்கன்னு ஊரே உங்களச் சொல்லுது. எந்தங்கச்சிக்கு மட்டும் என்னத்துக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

தங்கையின் போனை அவள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். வஞ்சிருவின் பெயர், படம். அதற்குக் கீழே:

"அன்புள்ள கோகிலா, உன் கவலை புரிகிறது. உடல்நலம் முக்கியம். பதறாமல், குடும்பத்தாரோடு மனம் விட்டுப் பேசு. அவர்களும் உன் நன்மையைத்தான் விரும்புகிறார்கள். நிறையத் தண்ணீர் குடி. நான் உன்னோடு இருக்கிறேன்."

வஞ்சிரு இரண்டு தரம் படித்தாள். பிறகு தன் போனைத் தேடி எடுத்து, அதே நாளில் தான் அனுப்பியதைத் திறந்து மேசைமேல் அந்தப் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கோகிலா, இது சிறுநீரகம் கெடுகிற அறிகுறி. இனி ஓர் ஊசி போட்டாலும் நீ செத்துப்போவாய். இன்றைக்கே அந்த வீட்டை விட்டுக் கிளம்பு. அக்கா வீட்டுக்குப் போ. பஸ்ஸுக்குக் காசில்லையென்றால் இந்த எண்ணில் கூப்பிடு, ஆள் வரும்." கீழே தில்ஷாத்தின் உதவி எண்.

மூன்று பெண்களும் அந்த இரண்டு போன்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ருக்மணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கூட்டுக்குத்தான் வரச் சொல்லியிருக்கீங்க," என்றாள். பிறகு அழுதாள்.

சந்தியின் அலுவலகம் பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்தது. வக்கீல் கடிதம் ஒன்றைக் காட்டிய பிறகுதான் ஆளைப் பார்க்க விட்டார்கள். சம்யுக்தா என்ற பெண் வந்தாள். இதத்தை உருவாக்கிய குழுவின் தலைவி. வஞ்சிருவின் புத்தகத்தைக் கல்லூரியில் படித்ததாகச் சொன்னாள். பொய்போலத் தெரியவில்லை.

"இதம் எதையும் தடுக்கறதில்ல மேடம். மாத்தித் தரும்," என்றாள். "படிக்கறவங்க ஒவ்வொருத்தராலயும் எவ்வளவு தாங்க முடியும்னு கணிச்சு, அந்த அளவுக்கு வார்த்தைய எறக்கித் தரும். விஷயம் அதேதான் இருக்கும்."

"'இன்னிக்கே கெளம்பு'ன்னு நான் எழுதினது 'குடும்பத்தோட பேசு'ன்னு போயிருக்கு. இதுவா அதே விஷயம்?"

சம்யுக்தா சொன்னாள்: "அவங்க ரொம்பப் பதற்றத்துல இருந்திருக்காங்க. அப்படி இருக்கறவங்களுக்கு இன்னும் பதற்றம் தரக்கூடாதுன்னு அதப் பழக்கியிருக்கோம்."

"போன் நம்பர் எங்க போச்சு?" தில்ஷாத் கேட்டாள்.

"ஆபத்து உதவி நம்பரப் பார்த்தாலே சிலருக்குப் பயம் கூடுதுன்னு சோதனைல வந்துது."

"நான் எழுதினது எனக்கு மட்டும் அப்படியே தெரியுது."

"எழுதறவங்களுக்கு அவங்களோடது அப்படியேதான் தெரியும். இல்லன்னா மனசு கஷ்டப்படுவாங்க."

வஞ்சிரு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "அப்போ எனக்கு வர்ற வசவு?"

"வந்துக்கிட்டுதான் இருக்கு மேடம். கொறையல. உங்களுக்கு மாறி வருது."

குளிரூட்டி உறுமிக்கொண்டிருந்தது. சம்யுக்தா மேசையைப் பார்த்தபடி சொன்னாள்: "என் தங்கச்சி காலேஜ் முடிக்கறதுக்குள்ள தூக்கு மாட்டிக்கிட்டா. அவ செத்த அப்புறமாத்தான் அவ போனத் தொறந்து பார்த்தேன். உங்களுக்கு வந்த மாதிரிதான், அவளுக்கும் வசவு. இதம் வந்தப்புறம் அந்த மாதிரிச் சாவு நெஜமாவே கொறஞ்சிருக்கு. இது என் தங்கச்சிக்காக நான் செஞ்சது."

"ருக்மணிக்கும் தங்கச்சி இருந்தா," என்றாள் வஞ்சிரு.

வஞ்சிரு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என் எழுத்துக்கு இதை நிறுத்துங்க."

"உங்களுக்கு வர்றதுல இதத்த நீங்க நிறுத்திக்கலாம், செட்டிங்ஸ்ல இருக்கு. ஆனா உங்க எழுத்து மத்தவங்களுக்கு எப்படிப் போகணுங்கறது அவங்கவங்க தேர்வு. யாரும் இதத்த நிறுத்தினதில்ல. நூத்துல ஒருத்தர்கூட இல்ல." சற்றுத் தயங்கிச் சொன்னாள்: "இப்போ உங்களப் படிக்கறவங்க எவ்வளவு கூடியிருக்காங்கன்னு பார்த்தீங்களா? முன்ன உங்களுக்கு இவ்வளவு பேர் கெடையாது."

"இப்பவும் கெடையாது," என்றாள் வஞ்சிரு.

திரும்பும் பஸ்ஸில் அவள் தனக்கு வருவதன் மேலிருந்த இதத்தை நிறுத்தினாள். தில்ஷாத் வேண்டாமென்று கையைப் பிடித்தாள். வஞ்சிரு கேட்கவில்லை. அத்தனை மாதத்துக் குப்பையும் ஒரேயடியாகத் திறந்துகொண்டது. பொன்னம்பலத்தை மட்டும் தேடிப் படித்தாள். அவர் மாற்றுக் கருத்து எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் வீட்டு மாடிப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்று எழுதியிருந்தார். எந்தக் கிழமை எதைக் கொண்டுவருவார், அதை அவள் முகத்தில் எப்படி ஊற்றுவார் என்று எழுதியிருந்தார். ஒவ்வொன்றின் கீழும் அவளுடைய பதில் இருந்தது. நன்றி ஐயா. தொடர்ந்து எழுதுங்கள் ஐயா.

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். 

அன்றைக்கே நடந்ததை எல்லாம் எழுதினாள். கோகிலாவின் பெயரோடு, இரண்டு செய்திகளையும் அருகருகே படமாக வைத்துப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான இதயக் குறிகள் வந்தன. தில்ஷாத் தன் போனில் அதைத் திறந்து படித்துவிட்டு, வஞ்சிருவிடம் நீட்டினாள். "மென்மையான சொற்கள் வாழ்க்கையை மாற்றும் என்பதை ஓர் அன்புத் தங்கை எனக்குக் கற்றுத்தந்தாள்" என்று அதில் இருந்தது. இரண்டு படங்களிலும் ஒரே செய்திதான் தெரிந்தது.

தில்ஷாத் தன் போனில் இதத்தை நிறுத்தினாள். தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சிலர் நிறுத்தினார்கள். இரண்டு நாள் மற்றவர்கள் எழுதுவதை எல்லாம் உள்ளபடி படித்துவிட்டு, தாங்க முடியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்கள். வழக்குப் போடலாம், ஆனால் நீங்கள் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள், வருடக்கணக்கில் இழுக்கும் என்றார் வக்கீல்.

ருக்மணிதான் திருப்பூருக்குக் கூப்பிட்டாள். தங்கைக்கு ஊசி போட்ட கிளினிக்குக்கு எதிரே நின்று வாயால் சொல்லலாம், வாயை யாரும் மாற்ற முடியாதே என்றாள். மூவரும் போய் நின்றார்கள். கிளினிக்குக்கு வந்த பெண்களில் பலர் வஞ்சிருவை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தார்கள். கையைப் பிடித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். வஞ்சிரு பேசத் தொடங்கினாள். கோகிலா கடைசி வாரத்தில் எப்படி இருந்தாள், உடம்பு எந்த நிறத்துக்கு மாறியது என்று சொன்னாள். உள்ளே போகாதீர்கள் என்றாள்.

கூட்டம் மெதுவாகப் பின்வாங்கியது.

"அக்கா நீங்க இப்படியெல்லாம் பேச மாட்டீங்களே," என்றாள் ஒரு பெண், ஏமாந்துபோன குரலில். "நல்ல வார்த்த கேக்கலாம்னு வந்தேன். நாளைக்கு எனக்கு நிச்சயம், இப்பப்போயி சாவப் பத்திப் பேசறீங்களே."

அவள் உள்ளே போனாள். மற்றவர்களும் போனார்கள். ஒருவர் எடுத்த வீடியோ சாயங்காலத்துக்குள் சந்தி முழுக்கப் பரவியது. அதில் வஞ்சிருவின் உதடுகள் அசைந்தன. அவள் குரலேதான், மணப்பெண்களுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பியதும் வஞ்சிரு கணக்கை அழித்தாள். பதினோரு வருட எழுத்து. உறுதியா என்று சந்தி கேட்டது, வருத்தமாக இருக்கிறது என்றது, பிறகு அழித்தது. "வுட்டுச்சு சனியன்," என்றாள் தில்ஷாத். ஆனால் வஞ்சிரு அதன்பின் எதையும் எழுத உட்காரவில்லை. இரண்டாவது புத்தகத்தைத் திறப்பாள், மூடுவாள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் தில்ஷாத்தோடு புதுப்பேட்டைக்குப் போய், வருகிற போன்களை எடுத்துத் தரத் தொடங்கினாள்.

அங்கே ஒரு பிற்பகல், தில்ஷாத் ஒரு போனை எடுத்து, வஞ்சிருவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். சின்னப் பெண்ணின் குரல், சத்தம் வெளியே போய்விடக்கூடாதென்று அடக்கிப் பேசியது.

"ஆஸ்பத்திரில ஒரு நர்ஸம்மா இந்த நம்பர் குடுத்தாங்க. எனக்குக் காலெல்லாம் வீங்கிருச்சு. ஒண்ணுக்குச் சரியாப் போக மாட்டேங்குது. சாயங்காலம் மறுபடி ஊசிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு."

"போகாதம்மா. எந்த ஊரு நீ?"

"இல்லீங்க, சும்மா கேக்கலாம்னுதான்... வஞ்சிரு அக்காகிட்ட நேத்து கேட்டேன். ஒண்ணும் ஆகாது, பயப்படாத, வீட்ல பக்குவமா எடுத்துச் சொல்லுன்னாங்க."

தில்ஷாத் வஞ்சிருவைப் பார்த்தாள். கணக்கை அழித்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு கையால் போனைப் பிடித்தபடியே மறுகையால் தன் போனில் சந்தியைத் திறந்தாள். வஞ்சிருவின் பக்கம் அங்கேயே இருந்தது. அதே படம். அன்று காலையில்கூட ஏதோ எழுதப்பட்டிருந்தது, நன்றாகத் தூங்கி எழுவதைப் பற்றி. பெயருக்குக் கீழே பொடி எழுத்தில், 'வாசகர் நலன் கருதித் தொடரப்படும் பக்கம்' என்று போட்டிருந்தார்கள்.

வஞ்சிரு அதைப் படித்தாள். அந்தப் பெண் பேசிக்கொண்டிருந்த போனைத் தில்ஷாத்தின் கையிலிருந்து வாங்கினாள்.

"நான்தாம்மா வஞ்சிரு பேசறேன். நேத்து உன்கிட்ட பேசினது நான் இல்ல. இப்ப சொல்றதக் கேளு. அந்த ஊசிய இனிமே போட்டுக்கக் கூடாது. போட்டா செத்துருவ."



"யாரு நீங்க?"

"வஞ்சிரு."

"அவங்க இப்படிப் பேச மாட்டாங்க." குரலில் பயத்தைவிட வெறுப்பு அதிகமிருந்தது. "எனக்குத் தெரியும் அவங்கள. தெனம் என்கூடப் பேசுறாங்க. அவங்க பேரச் சொல்லி எதுக்கு என்னப் பயமுறுத்துறீங்க? போன வைக்கறேன்."

"இரும்மா. வைக்காத." வஞ்சிரு எழுந்து நின்றுவிட்டாள். பதினோரு வருடம் எழுதியதில் எந்த வாக்கியத்தைச் சொன்னால் இந்தப் பெண் தன்னை நம்புவாள் என்று தேடினாள். அவள் எழுதிய ஒன்றையும் இந்தப் பெண் படித்ததில்லை.

"சரி," என்றாள். "நான் அவங்க இல்ல. சும்மா சொன்னேன், மன்னிச்சுக்க. ஹெல்ப்லைன்ல வேல செய்றேன். அவ்வளவுதான். எங்கம்மா இருக்க இப்ப?"

 ஏதோ பாத்திரம் நகரும் சத்தம் வந்தது.

"பாலக்கோடு," என்றது குரல். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி." பிறகு, இன்னும் நம்பிக்கை வராமல், "உங்க பேரென்ன?" என்று கேட்டது.

தில்ஷாத் அதற்குள் பாலக்கோட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்ல, இன்னொரு போனில் பக்கத்துத் தருமபுரிக்கு எண்ணை அழுத்தத் தொடங்கியிருந்தாள். வஞ்சிரு அவளைப் பார்த்தாள்.

"தில்ஷாத்," என்றாள். "வீட்ல இப்ப யாரெல்லாம் இருக்காங்க? யாரும் இல்லன்னா செருப்பப் போட்டுக்க. பேசிக்கிட்டே வாசலுக்கு வா."